திருப்பித் தூக்காத பாடை

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். தினமும் நாலு மணிக்குப் புரோகிரஸ் ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். இன்று பாறையின் வெட்டுமுகம் ஏழு அடி முன்னே போயிற்று. இன்று ஐந்து அடி. அவ்வளவுதான் வேலை.

என் மனைவி வேம்பு எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் இறந்தாள். நான்கு நாள் காய்ச்சல். கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

எங்கள் ஊரில் இடுகாடு கிழக்கே. பாதி வழியில் புளியமரத்தடியில் பாடையை இறக்குவார்கள். அதுவரை பிணத்தின் கால் வீட்டைப் பார்த்திருக்கும். அங்கே திருப்பித் தூக்கினால் கால் இடுகாட்டைப் பார்க்கும். போனவருக்கு வீட்டு வழி மறந்துவிடும். அன்று கொட்டுகிற மழை. இறக்கினார்கள், தோள் மாற்றினார்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெருப்புச்சட்டியோடு முன்னால் போன நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தை மாதம், இடுகாட்டை ஒட்டிய பிச்சைமுத்து வீட்டில் ஒரு காலை தண்ணீர்ப்பானை காலியாக இருந்தது. டம்ளர் வாசற்படியில் கவிழ்ந்திருந்தது. நாயாக இருக்கும் என்றார்கள். எட்டு நாள் கழித்து அடுத்த வீட்டில் அதே போல. வேம்பு தண்ணீர் குடித்தால் டம்ளரை வாசற்படியில்தான் கவிழ்ப்பாள். என் அம்மா அதற்காக அவளைத் திட்டியது தெருவுக்கே தெரியும்.

திருச்சியில் படித்தபோது வாங்கிய பழைய அகராதி ஒன்று என்னிடம் இருக்கிறது. சொற்கள் எங்கே பிறந்தன என்று சொல்வது. புரோகிரஸ் என்ற சொல்லைப் பார்த்தேன். லத்தீன். முன்னால் அடியெடுத்து வைப்பது. பிறகு இங்கிலாந்தில், ராஜா தன் நாட்டைப் பார்க்கக் கிளம்பி, வழியில் வீடு வீடாகத் தங்கிப் போவதற்கு அந்தப் பெயர். மேம்பாடு என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

‘வீடு வீடாக’ என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். இடுகாட்டிலிருந்து எண்ணினால் என் வீடு ஆறாவது.

நான்காவது வீட்டுக்குப் பிறகு ராசாங்கம் வந்தான். வேம்புவின் தம்பி, பாடை தூக்கியவர்களில் ஒருவன். என் தாடியைப் பார்த்து, பேய்க்கே உங்களைக் கண்டால் பயம் வரும் என்றான். அன்று திருப்பாமல் விட்டிருந்தால் வைக்கோலில் உருவம் கட்டிப் புளியமரத்தடியில் திருப்பி எடுத்துப்போகலாம், புருசன் நெருப்புச்சட்டி பிடிக்க வேண்டும் என்று பூசாரி சொன்னாராம். ஆனால் மழையில் திருப்பினார்களா இல்லையா என்றே அவனுக்கு ஞாபகமில்லை.

“நீங்கதான் மச்சான் முன்னால போனீங்க. திருப்புனமா?”

“திருப்புனீங்க.”

“கண்ணால பாத்தீங்களா? அவ ஒங்க வூட்டத் தாண்டிட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதாம்.”

“பாத்தேன்.”

தாண்டுவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அவளுக்கு வேறு எந்த வீடு இருக்கிறது?

ஐந்தாவது வீட்டுக்குப் பிறகு எட்டு நாள் எண்ணினேன். பானையைக் கழுவி நிரப்பினேன். அவளுடைய டம்ளரை மேலே வைத்தேன். சீலையைக் கொடியில் போட்டேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன்.

காலையில் பானை காலி. டம்ளர் வாசற்படியில் கவிழ்ந்திருந்தது. சீலை மடிப்புக் கலையாமல் இருந்தது. வீட்டிலும் கொல்லையிலும் தேடினேன். எட்டு நாள் கதவைச் சாத்தவில்லை.

ஒன்பதாம் நாள், மேற்கு வீட்டுக் குஞ்சம்மாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று கூப்பிட்டாள்.

“யாரு குடிச்சாங்கன்னு தெரியல தம்பி. பான காலி. டம்ளரு வாசப்படில கவுந்து கெடக்குது.”

ராசாங்கத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். அவன் என்னை அடிக்கவில்லை. வெகுநேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இது எண்பத்துமூன்றாம் வருஷம். நேற்று சுரங்க கேன்டீனில், மேற்கே வேப்பந்தட்டைப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், தன் வீட்டுப் பானை முந்தின ராத்திரி காலியானதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். டம்ளர் எங்கே கிடந்தது என்று கேட்டேன். வாசற்படியில் என்றார்.

அவர் வீட்டுக்கு மேற்கே யார் வீடு என்று கேட்டேன். வீடு கிடையாது, மலைதான் என்றார்.

இன்னும் ஏழு நாளில் அவளுக்கு அடுத்த வீடு வேண்டும். இன்று ரிப்போர்ட் எழுதவில்லை. பானையையும் அவளுடைய டம்ளரையும் எடுத்துக்கொண்டு வேப்பந்தட்டை பஸ்ஸில் ஏறினேன்.