ராக்கையாவின் கைராசி

நாற்பத்துமூன்று வயதில் சவுகத் அலி மறுபடி மாணவரானார். பதினேழு வருடம் போடி மலையில் ஏறி இறங்கி ஏலத் தோட்டக்காரர்களுக்கு யோசனை சொன்ன விவசாய அதிகாரி, விடுப்பு போட்டுவிட்டு மதுரையில் முதுகலை வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பட்டம் இருந்தால்தான் அடுத்த பதவி. மனைவி பாத்துமுத்து ஒரே வரியில் முடித்துவிட்டார்:

"மருமகன் எடுக்கிற வயசுல மார்க்கு எடுக்கப் போறீங்க."

ஆய்வுக்கு அவர் எடுத்தது ஏலத்தைத் தாக்கும் கட்டே நோய். முதலில் இலையில் வெளிர்க்கோடு விழும். மூன்று வருடத்தில் தூர் சுருங்கிக் காய்ப்பு நின்றுபோகும். 1981 தொடக்கத்தில் குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்து மூலையில், நோயைப் பரப்பும் பூச்சி நுழையாத வலைக்கூண்டு கட்டினார். உள்ளே இரண்டு வரிசை. ஒன்று விதை போட்டு வளர்த்த நாற்று. மற்றது, நோய் கண்ட தோட்டத்தில் கோடு விழாத தூராகப் பார்த்துப் பிரித்தெடுத்த பக்கக்கன்று.

காவலுக்கு ராக்கையா அமைந்தார். ஒரு காலத்தில் நாலு ஏக்கர் ஏலம் வைத்திருந்தவர். அதே நோயில் அது அழிந்து இப்போது அடுத்தவர் தோட்டத்தில் கூலி. நடவு அன்று முதல் கன்றைச் சவுகத் அலி அவரிடம் நீட்டினார். ராக்கையா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நம்ம கை ஆகாது சார். கருத்தம்மாளக் கூட்டியாறேன்."

முதல் கன்றைக் கைராசிக்காரர்தான் வைக்க வேண்டும் என்பது மலை வழக்கம். கருத்தம்மாள் கை பட்டால் பட்ட மரமும் துளிர்க்கும் என்பார்கள். படித்த மனிதர் இதிலெல்லாம் தலையிடுவாரா? கருத்தம்மாள் வந்து அத்தனையையும் நட்டுவிட்டுப் போனாள். ராக்கையா தண்ணீர் ஊற்றினார், வலையைத் தைத்தார். கன்றை மட்டும் தொடவில்லை.

ஆனி மாதம் சவுகத் அலி வந்து பார்த்தபோது நாற்று வரிசை பச்சைப்பசேல் என்று நின்றது. பக்கக்கன்று வரிசையில் பாதிக்கு மேல் வெளிர்க்கோடு. ஆய்வுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது. நோட்டை எடுத்துக் கன்றுகளை எண்ணிக் குறித்தார். கோடு விழுவதற்கு முன்பே நோய் உள்ளே இருந்திருக்கிறது. 'கோடு இல்லாத தூர்ல கன்னு எடு, பயமில்ல' என்று பதினேழு வருடம் மலை மலையாகச் சொன்ன வாய் அவருடையது.

ராக்கையாவும் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த வரிசை நல்ல தூர்ல எடுத்ததுதானே சார்?"

"ஆமாண்ணே."

"கருத்தம்மா நட்டதுதானே?"

"ஆமா."

"அப்ப எந் தோட்டம்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். சமாளிப்பில் அவர் கெட்டிக்காரர்தான். அன்றைக்கு உள்ளதைச் சொன்னார்.

"உங்க கை இல்லண்ணே, எம் பேச்சு. எழுபத்திரண்டுல நான் சொல்லித்தானே பக்கத்துத் தோட்டத்துக் கன்ன வச்சீங்க. அதுலயே நோய் வந்திருக்கு."

ராக்கையா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தோட்டம் போனது போகுது சார். எம் பேரன் பிறந்தப்ப சேனை வைக்கக் கூப்பிட்டாக. இந்தக் கையால எப்படின்னு எந்திரிச்சு வெளிய போயிட்டேன்."

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டு வைப்பது சேனை. தாத்தா இருக்க, அதை அடுத்த வீட்டுக்காரர் வைத்தார்.

"இதப் பொன்னுமணிகிட்ட வந்து சொல்றீங்களா சார்? நாஞ்சொன்னா எம் பொண்டாட்டி நம்ப மாட்டா."

"ஐப்பசில பட்டம் வந்துரும். வந்ததும் நானே வந்து சொல்றேன்" என்றார் சவுகத் அலி. அதற்குள் ஊர் வாயில் விழுந்தால் பதவிக்கு ஆபத்து என்ற பயம் அவருக்கு.

ராக்கையா தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எம் மகளுக்கு ஆவணில ரெண்டாம் பேறு சார்."

சவுகத் அலி நோட்டை மூடினார். "நடங்க. இப்பவே போவோம்."

இருவரும் குரங்கணிக்கு இறங்கினார்கள். ராக்கையா வீட்டு வாசலில் நின்றபடியே சவுகத் அலி முழுவதும் சொல்லி முடித்தார். பொன்னுமணி அவரை உட்காரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

"அந்தக் கன்ன வச்சு ஒம்பது வருசம்" என்றாள். அப்புறம் உள்ளே திரும்பி, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த மகளிடம் தெரு கேட்கச் சொன்னாள்:

"ஆத்தா, இந்தப் பிள்ளைக்கு ஒங்கப்பன்தான் சேனை வைக்கணும். வேற ஒருத்தரையும் கூப்பிடாத."