வண்டி என் பொறுப்புங்க

போலீஸ் ஜீப் ஒன்று மொபெட்டில் வந்த பெண்ணை இடித்துவிட்டது என்று டிஎஸ்பி போனில் சொன்னபோது, இன்ஸ்பெக்டர் சாரதாமணி முதலில் கேட்டது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கிறது என்றுதான். கால் எலும்பு முறிந்திருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றார் அவர். ஜீப் பக்கத்து ஸ்டேஷனுடையது. அவர்கள் வண்டியை அவர்களே விசாரித்தால் ஊர் சிரிக்கும், அதனால் நீங்கள் போங்கள் என்றார்.

"ஓட்டுனது யாருங்க சார்?"

"டிரைவர் ஏட்டு மாரப்பன்னு சொல்றாங்க."

சாரதாமணிக்கு அந்தப் பெயர் தெரியும். முன்பு இருந்த ஸ்டேஷனில் அவளுக்கு ஜீப் ஓட்டியவர் மாரப்பன்தான். இரண்டாவது பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவள் வேலைக்கு வந்த மாதங்களில், வேகத்தடை ஒவ்வொன்றிலும் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோல ஜீப்பை ஏற்றி இறக்குவார். பிள்ளை பிறந்ததும் அவருடைய மனைவி சாமியாத்தாள் ஒரு தூக்குப்போசி நிறைய நாட்டுக்கோழிக் குழம்போடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். இதையெல்லாம் டிஎஸ்பியிடம் மறைக்காமல் சொல்லி, வேண்டிய மனிதரை நான் விசாரிப்பது சரியா என்று கேட்டாள். வேறு ஆள் இல்லை, மற்றவர்கள் எல்லாம் பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், அந்தப் பழக்கத்தை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், அதற்குப் பிறகு கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள் என்றார் அவர்.

வீரபாண்டிக்குப் பிரியும் முக்கைத் தாண்டி, ஒரு சாயப்பட்டறைச் சந்து ரோட்டில் சேரும் இடத்தில் விபத்து நடந்திருந்தது. கம்பெனி வேன்கள் இரண்டு பக்கமும் நின்று ஹாரன் அடித்தன. உடைந்த விளக்குக் கண்ணாடியும், மொபெட்டிலிருந்து சிதறிய காலர் துணிகளும் சந்தின் வாயில் கிடந்தன. ஜீப் மட்டும் அங்கே இல்லை. தள்ளி, ஒரு வேப்பமரத்தடியில் நின்றது.

"வண்டிய யாரு எடுத்தா?"

சப்-இன்ஸ்பெக்டர் பிரபாகர் முன்னால் வந்தான். வேலையில் சேர்ந்து வருஷம்கூட முடியாத பையன், நெட்டையான உடம்பு. டிராபிக் அடைத்துக்கொண்டதால் நான்தான் எடுத்து ஓரமாக விட்டேன் என்றான். சக்கரம் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்தாயா, போட்டோ எடுத்தாயா என்று கேட்டாள். இல்லை என்று தலை குனிந்தான். பொதுமக்கள் வண்டியாக இருந்தால் இப்படி எடுக்க விட்டிருப்பாயா என்று கேட்டாள்.

கண்ணாடித் துண்டுகளை யாரும் மிதிக்காமல் கயிறு கட்டச் சொன்னாள். போட்டோக்காரரை வரவழைத்தாள். பிரேக் பிடித்த கறுப்புத் தடத்தைத் தானே டேப் பிடித்து அளந்தாள். தடம் நீளமாகத்தான் இருந்தது. ஜீப் வேகமாக வந்திருக்கிறது. மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பிரேக்கைப் பார்க்கும்வரை யாரும் ஜீப்பைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, பிரபாகரையும் மாரப்பனையும் ஒருவரோடு ஒருவர் பேச விடாமல் தனித்தனியாக நிறுத்தினாள்.

அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பியிருந்த மாரப்பனின் சட்டையில் ரத்தக்கறை இருந்தது. தோளில் எப்போதும் கிடக்கும் துண்டைக் காணோம். அவளைக் கண்டதும் சல்யூட் அடித்தார்.

"எல்லாம் என் தப்புதானுங்கம்மா."

"நீங்கதான் ஓட்டுனீங்களா அண்ணா?"

"வண்டி என் பொறுப்புங்க."

"அதக் கேக்கல. ஸ்டீரிங் உங்க கையிலயா இருந்துச்சு?"

"வண்டி என் பொறுப்புங்கம்மா" என்றார் மறுபடியும். கண் நிலத்தில் இருந்தது.

மாரப்பனுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவளுக்குத் தெரியும். பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் மனிதர் நடுவில் நின்றுகொண்டு தவிக்கிறார் என்று புரிந்தது. பிரபாகரோ, ஏட்டுதான் ஓட்டினார், அந்தப் பெண்தான் பார்க்காமல் சந்திலிருந்து பாய்ந்து வந்தாள் என்று கடகடவென்று ஒப்பித்தான்.

இருவரையும் டாக்டரிடம் அனுப்பி, குடித்திருக்கவில்லை என்று சான்று வாங்கச் சொல்லிவிட்டு, சாரதாமணி ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இடிபட்டவள் பெயர் கோமளா. பனியன் கம்பெனி டெய்லர். கட்டிலருகே அவளுடைய கணவன் பூபாலன், நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன், போலீஸைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றான். கோமளா கேள்வி வரும் முன்பே பதில் சொன்னாள். நான்தான் பார்க்காமல் வந்துவிட்டேன், யார் மேலும் புகார் இல்லை, கேஸ் எதுவும் வேண்டாம் என்றாள். சொல்லும்போதே அழுதாள். போலீஸ் வண்டியோடு வழக்காடிவிட்டு இந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது என்ற பயம் அவர்கள் இரண்டு பேர் முகத்திலும் எழுதியிருந்தது.

சாரதாமணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பூபாலனையும் உட்காரச் சொன்னாள்.

"தப்பு யாருதுன்னு நான் உங்கிட்டக் கேக்கல கண்ணு. அத நான் பாத்துக்கறேன். நீ பாத்தத மட்டும் சொல்லு. சந்து முனைல நின்னியா?"

நின்றாளாம். காலை ஊன்றி, ஒரு வேனைப் போக விட்டுவிட்டு நின்றாளாம். வளைவில் ஜீப் வந்ததைத்தான் பார்த்தாள். அதற்குள் சாய்ந்துவிட்டாள்.

"அப்பறம்?"

"ஒரு பெரியவர் ஓடியாந்தாருங்க. துண்டக் கழட்டி என் காலக் கட்டுனாரு. ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் ஆட்டோவுல என் தலையத் தாங்கிப் புடிச்சிட்டே வந்தாரு. அவரு அழுதாருங்க. பாவம், அவர ஒண்ணும் பண்ணிராதீங்க. அவரு ஓட்டவே இல்லீங்க. இந்தப் பக்கக் கதவத் தொறந்துட்டில்ல எறங்குனாரு?" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "ஓட்டுன தம்பி ஸ்டீரிங்கப் புடிச்சிட்டு அப்படியே உக்காந்திருந்துச்சுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். உன் மேலோ உன் வீட்டுக்காரர் மேலோ யார் கையும் படாது, அதற்கு நான் ஆச்சு என்று சாரதாமணி அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, சொன்னதை எழுதி வாசித்துக் காட்டினாள். கோமளா தன் கணவனைப் பார்த்தாள். "போடு புள்ள" என்றான் பூபாலன். கையெழுத்துப் போட்டாள்.

மாரப்பன் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றிருந்தார். கையில் சாத்துக்குடிப் பை. உள்ளே போக மனம் துணியவில்லை போலும். சாரதாமணி அவரை மரத்தடிக்கு அழைத்துப் போய்க் கோமளா சொன்னதைச் சொன்னாள். அவர் திண்டில் உட்கார்ந்தார்.

"சாவியக் குடுத்தது நானுங்கம்மா. ஓட்டிப் பாக்கறேன்னு ஆசையாக் கேட்டாப்ல. அப்பனில்லாத பையன். இதுல மாட்டுனா வேலை போயிருமுங்க. எனக்கென்ன, ரிட்டயர் ஆகப் போறவன்."

"நீங்க அவனக் காப்பாத்தலீங்கண்ணா" என்றாள் சாரதாமணி. "நாளைக்கு அவன் இன்ஸ்பெக்டர் ஆவான். அவனுக்குக் கீழ ஒருத்தன் மேல பழி விழும். அன்னிக்கு அவன் என்ன பண்ணுவான்னு நெனைக்கறீங்க?"

இந்த அறிக்கையில் உங்கள் பெயரும் வரும், சாவி கொடுத்ததும் மறைத்ததும் வரும், எழுதாமல் விட என்னால் முடியாது என்றாள். அவர் எழுந்து சல்யூட் அடித்துவிட்டு, சாத்துக்குடிப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு நடந்தார்.

அன்று மாலை பிரபாகரைத் தனியே கூப்பிட்டாள். கோமளா என்ன சொன்னாள் என்பதைச் சொல்லவில்லை. மாரப்பன் இன்னும் உன் பெயரைத் தானாகச் சொல்லவில்லை, உன் வாக்குமூலத்தை மாற்ற வேண்டுமானால் இப்போதே மாற்று என்று மட்டும் சொல்லிவிட்டு, வெள்ளைத் தாளை அவன் முன்னால் தள்ளினாள். பையன் உடைந்துபோய் அழுதான். பயத்தில் வாய் பொய் சொல்லிவிட்டது, அதற்குப் பிறகு ஏட்டய்யா முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றான். நடந்ததை எல்லாம் தன் கையாலேயே எழுதினான். அவன் கேட்டது ஒன்றுதான். அவர் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாதில்லையா?

வழக்குப் பதிவானது. கோர்ட் பிரபாகருக்கு அபராதம் விதித்தது, இலாகா அவனுடைய தகுதிகாண் காலத்தை நீட்டியது. வேலை போகவில்லை. மாரப்பனுக்கு ஒரு கண்டன மெமோ வந்தது, பென்ஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோமளாவுக்கு இழப்பீடு கிடைக்கச் சாரதாமணி தானே சாட்சி சொன்னாள். ஆனால் மாரப்பன் அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. வழியில் கண்டால் சல்யூட்டோடு சரி. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாரப்பனும் சாமியாத்தாளும் குண்டடத்தில் இருக்கும் தங்கள் தோட்டத்து முருங்கைக்காய்க் கட்டோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். பிரபாகர் கோமளா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டானாம். துணைக்கு இவரும் போயிருக்கிறார். பூபாலன் முதலில் வாசலிலேயே நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டானாம். பிறகு அவனே டீ வாங்கிக்கொண்டு வந்தானாம். கோமளா இப்போது அதே கம்பெனியில் உட்கார்ந்து செக்கிங் பார்க்கிறாள், நடை கொஞ்சம் சாய்வுதான் என்றார். சொல்லி முடித்துத் தரையைப் பார்த்தார்.

"அன்னிக்கு உங்க மேல கோவமாத்தான் இருந்தேனுங்க அம்மிணி. இப்ப இல்லீங்க."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள் சாரதாமணி. சாமியாத்தாள் அதற்குள் அடுக்களைக்குப் போய், அரிவாள்மணை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.