கிறீச்சிடும் குமிழ்

வாத்தியக் கடையிலிருந்த யுகலேலேக்களை லிஃப்ட் மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் குலுக்கிப் பார்த்தான். உள்ளே எதுவும் கழன்று கிடக்கவில்லை என்று தெரிந்ததும் விரல்கணுவால் அவற்றின் முதுகில் தட்டினான். வாங்க வந்தவள் அவனுடைய அக்கா. பள்ளி வேன் ஓட்டுகிறவள், ஐம்பதைத் தொட்டவள். அதை எப்படிப் பிடிப்பது என்று இருவருக்குமே தெரியாது. ஆனால் திருகாணி உள்ள எந்தப் பொருளைப் பற்றியும் தம்பிக்கு ஒரு கருத்து இருக்கும்.

"கிடாரைத் துவைச்சுக் காயப்போட்டதுல சுருங்கிடுச்சாக்கா?"

அவள் காதில் வாங்கவில்லை. மறுநாள் மாலை யுகலேலே பழக முதல் வகுப்பு. நீச்சல் பழகப் போனது தொப்பி வாங்கியதோடு நின்றதும், தையல் வகுப்பு ஒரு தலையணை உறையோடு முடிந்ததும் வீட்டில் இன்றும் சிரிப்புக்குத் தீனி. முதல் நாள் தவறினால் பிறகு அந்தப் பக்கமே போகமாட்டோம் என்று தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பூப்போட்ட நீல யுகலேலே ஒன்று ரொம்ப மலிவு. கடைக்காரப் பெண் அதை எடுக்கவிடவில்லை.

"கம்பி எவ்வளவு உசரத்துல நிக்குது பாருங்கக்கா. அமுக்கி அமுக்கி விரல் செத்துடும். சுவர்ல மாட்டத்தான்னா சொல்லுங்க, இதையே கட்டித் தர்றேன்."

அதற்கு மேல் விலையில் அலங்காரமில்லாத பழுப்பு நிறத்தில் இரண்டு இருந்தன. அக்கா திரும்பி நின்றுகொண்டாள். "ரெண்டையும் மாத்தி மாத்தித் தட்டும்மா. நான் பாக்கல." பழைய வண்டி வாங்கப் போனாலும் அவள் பெயிண்டைப் பார்ப்பதில்லை, எஞ்சினைப் போடச் சொல்லி முதுகைக் காட்டி நிற்பாள். முதல் யுகலேலே தகரத்தைச் சுண்டியதுபோல் ஒலித்தது. இரண்டாவதன் ஒலி போக மனமில்லாமல் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. பார்த்தால் அதுதான் விலை குறைவு.

"இதுல கம்பி முறுக்குற குமிழுக்குப் பல்சக்கரம் கிடையாதுக்கா, உரசல்லதான் பிடிச்சு நிக்கும், அதான் விலை கம்மி. புதுக் கம்பி இளகிக்கிட்டே இருக்கும். திரும்பத் திரும்ப முறுக்கிக்கோங்க."

வீட்டுக்கு வந்து முறுக்கியபோது குமிழ்கள் கிறீச்சிட்டன. தம்பியின் முகம் சுருங்கியது. அவன் பிழைப்பே கிறீச்சிடும் பொருள்களை வாயடைக்க வைப்பதுதான். அக்கா சமையலறைப் பக்கம் போன நேரத்தில் அவன் வேலைப் பை திறந்து மூடும் சத்தம் கேட்டது.

மறுநாள் கடைசிக் குழந்தையையும் வீட்டில் இறக்கிவிட்டு, வகுப்புக்குக் கிளம்புமுன் வேனிலேயே அவள் உறையைத் திறந்தாள். நான்கு கம்பிகளும் துணி காயப்போடும் கயிறுபோல் தொய்ந்து கிடந்தன. முறுக்கினாள். கையை எடுத்ததும் குமிழ் சத்தமில்லாமல் வழுக்கிப் பின்னால் சுற்றிக்கொண்டது. மறுபடி முறுக்கினாள், மறுபடி அதே. பழுதான பொருள், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று மனசுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது. நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது விரலில் எண்ணெய் வாடை.

"டேய், நேத்து இதுக்கு எண்ணெய் போட்டியா?"

"ஆமாக்கா!" போனில் தம்பியின் குரலில் பெருமை. "நல்ல எண்ணெய். இனி சத்தமே வராது."

"வரலடா. எந்தச் சத்தமும் வரல. நீ லிஃப்ட் பிரேக்குக்கு எண்ணெய் போடுவியா?"



"ஐயையோ," என்றான். "அங்கேயே இரு."

கிரீஸ் படிந்த சீருடையோடு ஓடிவந்தவன், வேனின் படியில் உட்கார்ந்து குமிழ்களைக் கழற்றி, ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தான். திட்டு வாங்கும்போதும் கை நிற்கவில்லை. திருப்பிப் பூட்டி முறுக்கியபோது குமிழ் கிறீச்சென்றது, கம்பி நின்றது.

"கத்தினாத்தான் வேலை செய்யுது. உன்னை மாதிரியே," என்றான்.

"வாயை மூடிக்கிட்டு ஏறு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு தொடங்கியிருந்தது. எஞ்சினை அணைத்தபின்னும் அவள் கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது. "லேட்டாயிடுச்சே."

"குழந்தைங்க லேட்டா வந்தா விட்டுட்டா போவ? ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பல்ல?"

அவள் இறங்கி, படியேறி, கதவைத் தள்ளினாள். எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து தட்டலாம் என்றார் ஆசிரியர். தட்டினார்கள். ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். ஒருவர் கம்பியை விட்டுவிட்டு மரத்தைத் தட்டினார். ஜன்னல் விளிம்பில் தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வெளியே குதித்தது. வேன்கார அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே, இன்னொரு தடவை தட்டினாள்.