அந்தப் பக்கத்து மீன்

ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்காக அதை மிதித்து மிதித்து, வீட்டில் டீ குடிக்கும்போது யாராவது குறுக்கே வந்தால்கூட அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

அப்பேர்ப்பட்டவரால் சொந்த மகளுக்கு சைக்கிள் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. "ரோட்டைப் பாருடி! எங்கேடி பார்க்கிறே? ஐயோ, சுவரு, சுவரு!" என்று அவர் போட்ட கூச்சலில், வாண்டு சைக்கிளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தார். சாயங்காலத்துக்குள் வாண்டு தெருக்கோடி வரை போய்த் திரும்பினாள். கையை விட்டுவிட்டு வேறு.

சகலை, அதாவது மாஸ்டர் மனைவியின் தங்கை புருஷன், மெத்தைக் கடை வைத்திருந்தார். ஆளும் அவர் விற்கிற சரக்கு மாதிரியேதான். எங்கே அழுத்தினாலும் உள்ளே போவார், சத்தம் வராது. குழந்தை கிடையாது. அந்த வீட்டுப் பாசம் மொத்தமும் வாண்டு தலையில்தான் கொட்டியது. போன வாரம் அவர், "லீவு முழுக்க வாண்டு எங்க வீட்ல இருக்கட்டுமே அண்ணே" என்று கேட்டபோது, மாஸ்டருக்குச் சாப்பிட்ட சோறு நெஞ்சில் நின்றது.

"அவளையே கேட்டுக்கலாம்" என்று சமாளித்தார்.

"யோசிச்சு ஞாயித்துக்கிழமை சொல்றேன்" என்றாள் வாண்டு. பிறகு அம்மாவிடம் அவள் கிசுகிசுத்தது மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. "அங்க யாரும் கத்த மாட்டாங்கம்மா."

அந்த ஞாயிற்றுக்கிழமை இதுதான். இதிலும் சகலை முந்திக்கொண்டார். குடும்பங்களைக் கரையோரக் கடலுக்குக் கூட்டிப்போய், தூண்டிலே தொடாதவர்களுக்கும் மீன் பிடிக்கச் சொல்லித் தருகிற படகு ஒன்றைப் பிடித்து, எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

படகை ஓட்டிய பெண்மணியை எல்லோரும் கேப்டன் என்றார்கள். வெயிலில் வெளுத்த தொப்பி, வெடுக்கென்ற பேச்சு. கரையில் நடக்கிறவர்கள் தெரிகிற தூரத்திலேயே, பாறைகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டார்.

"ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. ஈயக்குண்டு கடல் தரையில தட்டினதும் ரீலைப் பூட்டிடணும். அதுக்கு மேல தூண்டில் நரம்பு விட்டீங்கன்னா, நீரோட்டம் படகுக்கு அடியில இழுத்துட்டுப் போயிடும். சொன்ன இடத்துல நிறுத்தணும், புரியுதா?"

"இவர் தினம் பத்துப் பேருக்குச் சொல்ற டயலாக் ஆச்சே அது" என்றாள் மாஸ்டரின் மனைவி. கொழுந்தியாள், குமட்டல் வந்து முன்பக்கம் சுருண்டு கிடந்தவள், அந்த நிலையிலும் சிரித்தாள்.

"குழந்தையோட ஒரு பெரியவங்க இருக்கணும். பாப்பா, உனக்கு யாரு?" என்றார் கேப்டன்.

மாஸ்டர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"சித்தப்பா" என்றாள் வாண்டு.

மடித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மாஸ்டர் முழங்கையைச் சொறிந்துகொண்டார். படகின் இடது பக்கம் அவர் தனியாக. வலது பக்கம் அவர்கள் இருவரும். முதுகுக்கு முதுகு. திரும்பாவிட்டால் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"மெதுவா விடு கண்ணு... ஆங், அப்படித்தான். சூப்பர்!"

"சித்தப்பா, தட்டுது, தட்டுது!"

"பூட்டிடு. பார்த்தியா, எவ்வளவு ஈஸி!"

ஈஸியாம். ஆற அமரப் பேசினால் எல்லாமே ஈஸிதான். ராத்திரி அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் கத்தத்தான் செய்வான். வாரத்துக்கு ஒரு நாள் பலூனோடு வருகிறவனுக்கு என்ன, வாய் இனிக்கத்தான் இனிக்கும்.

அவருடைய ஈயக்குண்டு தரையில் தட்டியது. ரீலைப் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் எல்லோரும் நிறுத்துகிற இடத்தில் எல்லோருக்கும் கிடைக்கிற மீன்தானே இருக்கும்? அவருக்கு வேண்டியது, வாண்டு வாயைப் பிளந்து 'அப்பா!' என்று ஓடிவருகிற மீன். இன்னும் கொஞ்சம் விட்டார். நரம்பு ஓடியது. இன்னும் கொஞ்சம்.

திடீரென்று தூண்டில் கோலின் நுனி வளைந்தது.

மாஸ்டர் இழுத்தார். கனம்! அதே நேரம் முதுகுக்குப் பின்னால் வாண்டு வீரிட்டாள். "சித்தப்பா, மீனு! பெரிய மீனு!"

'எனக்கு வந்த நேரத்தில்தானா உங்களுக்கும் வரணும்?' என்று பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் இழுத்தார். "ஐயோ, இழுக்குது!" என்றது பின்னாலிருந்து. களைத்துக் கொஞ்சம் தளர்த்தினார். "விட்டுடுச்சே!" என்றது. இழுத்தார். "வந்துடுச்சு, வந்துடுச்சு!"

மாஸ்டர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். கையை ஒரு தடவை சுண்டினார். அந்தப் பக்கம் வாண்டுவின் கோல் குனிந்தது. தளர்த்தினார். நிமிர்ந்தது.

அவருடைய நரம்பு படகுக்கு அடியில் போய் அவர்களுடையதோடு பின்னிக்கொண்டிருந்தது. மீனும் இல்லை, கீனும் இல்லை. ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் சகலை.

கேப்டனைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மாஸ்டர் வாயைத் திறக்கவும் செய்தார். அப்போதுதான் சகலையின் குரல் கேட்டது. "பயப்படாதே கண்ணு, சித்தப்பா பிடிச்சிருக்கேன்ல!"

பிடிச்சிருக்கியா? இந்தா.

ஓர் இழுப்பு இழுத்தார். இது சைக்கிளுக்கு. இன்னோர் இழுப்பு. இது பிறந்தநாளுக்கு நான் வாங்கிய கவுனை மூலையில் போட வைத்த உன் கவுனுக்கு. இது லீவு முழுக்க என்று கேட்டாயே, அந்த 'முழுக்க'வுக்கு. சகலை தள்ளாடிப் பலகையில் மோதிக்கொள்கிற சத்தம் காதுக்கு இனிமையாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக மாஸ்டர் இருந்து வெகுநாளாயிற்று.

"முடியல கண்ணு" என்று சகலை மூச்சு வாங்கினார். "கை விட்டுப்போச்சு. இது நம்மால ஆகாது. அறுத்துவிடச் சொல்லலாமா?"

"வேணாம்!" வாண்டுவின் குரல் உடைந்தது. "அப்பா! அப்பா, சீக்கிரம் வாங்கப்பா!"

காலையிலிருந்து, ஏன், சைக்கிள் நாளிலிருந்து மாஸ்டர் காத்திருந்த கூப்பாடு அது. இதோ கூப்பிடுகிறாள். போக முடியவில்லை. போனால் மீன் இல்லை. அந்த மீனே அவர்தானே!

"அப்பா!"

சகலை முகம் தொங்கிப்போய், வலித்த தோளைப் பிடித்தபடி இந்தப் பக்கம் ஒதுங்கினார். மாஸ்டர் தன் கோலை அவர் கையில் திணித்தார்.

"சகலை, இதைக் கொஞ்சம் பிடிங்க. விட்டுடாதீங்க."

"இதுலயும் மீனா அண்ணே?"

மாஸ்டர் தாவிப் போய் மகளின் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்தார். இருவரும் இழுத்தார்கள். சகலையின் கையிலிருந்த கோல் குனிந்தது. சகலை அதைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தார். மோதிய தோள் எதனால் மோதியது என்பது அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. அவர் வாய் திறந்தது.

மாஸ்டர் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர். லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரியிடம்கூட முறைப்பாகத்தான் நிற்பார். ஆனால் மகளின் தலைக்கு மேலிருந்து சகலையைப் பார்த்த அந்தக் கண்கள் கெஞ்சின.

சகலை வாயை மூடிக்கொண்டார். காலைப் பலகையில் ஊன்றினார். இழுத்தார்.

அம்மாடி! என்ன இழுப்பு! மெத்தைக்குள் இவ்வளவு இரும்பா? வெறும் விளையாட்டுக்கு யாரும் இப்படி இழுக்க மாட்டார்கள். மாஸ்டர் போட்ட கணக்குகளைப் போலவே அந்தப் பக்கமும் கணக்கு இருக்கிறது என்று அவருடைய முன்கை எலும்புக்குத் தெரிந்தது. சாயங்காலம் ஆனால் 'அப்பா' என்று ஓடிவர ஒருவரும் இல்லாத வீட்டின் கணக்கு.

"இரு... இப்ப விடு" என்றார் மகளின் காதருகில். "அது களைக்கட்டும். இப்பச் சுத்து. மெதுவா. நுனியைப் பாரு. அவ்வளவுதான்."

விழுந்துவிடுவாளோ, இடித்துக்கொள்வாளோ என்ற பயம் இல்லை. அந்தப் பக்கத்து மீனைத்தான் அவருக்கு நன்றாகத் தெரியுமே! அதனால் குரல் உயரவே இல்லை.

வாண்டு சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க கத்தவே இல்லையே!"

மாஸ்டர் அவள் தலையை மெல்லக் கோல் பக்கம் திருப்பினார். "நீ ரீலைப் பாரு" என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

இரைப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கேப்டன் எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் அப்பாவும் மகளும், மறுபக்கம் வியர்க்க வியர்க்கச் சித்தப்பா. வலையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், சகலைக்குத் தலையை ஆட்டினார். சகலை மெல்ல நரம்பை விட்டார். தண்ணீருக்கு மேல் வந்தது பந்தாகச் சுருண்ட நரம்பும் இரண்டு ஈயக்குண்டும். வாண்டுவின் தூண்டில் முள்ளில், உள்ளங்கையளவு வெள்ளி மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை கலாட்டாவுக்கு நடுவில் அது எப்போது வந்து கடித்ததோ!

"இத்துனூண்டு மீனா அப்படி இழுத்துச்சு?" என்றாள் வாண்டு.

"இல்ல பாப்பா" என்றார் கேப்டன், முகத்தில் ஒரு கோடுகூட மாறாமல். "இழுத்தது பெரிய மீனு. தப்பிச்சிருச்சு. சாதாரணமா இந்தப் பக்கம் வராது. ரோஷம் வந்தாத்தான் வரும்."

பிறகு, சிக்கலை வெட்டி எடுக்கும்போது, மாஸ்டருக்கு மட்டும் கேட்கும்படி, "சொன்ன இடத்துல நிறுத்தணும் சார்" என்றார். மாஸ்டர் நல்ல மாணவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்ன மீனை வாண்டுவே கடலில் விட்டாள். படகு கரைக்குத் திரும்பியது. அவள் மாஸ்டரின் தொடையில் சாய்ந்து, பிஸ்கட்டைக் கொறித்துக்கொண்டிருந்தாள். எதிரே சகலை, சிவந்த உள்ளங்கைகளை ஊதிக்கொண்டிருந்தார்.

"நல்லா இழுத்தீங்க சகலை" என்றார் மாஸ்டர் தாழ்ந்த குரலில்.

"நீங்க மட்டும் என்ன அண்ணே, தோளைக் கழட்டிட்டீங்களே" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

"சித்தப்பா, லீவுக்கு உங்க வீட்டுக்கு வரேன்" என்றாள் வாண்டு. மாஸ்டரின் சிரிப்பு நின்றது. "ஆனா ஒரு வாரம்தான். அப்புறம் அப்பாவோட மறுபடி இங்க வரணும். அந்தப் பெரிய மீன் இன்னும் உள்ளதானே இருக்கு?"

மாஸ்டருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஜெயித்தாயிற்று! அந்த வேகத்தோடு சகலையின் முகத்தைப் பார்த்தார். அது சிரிக்க முயன்று, பாதியில் நின்றுகொண்டிருந்தது. காலை ஊன்றிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இழுத்த முகம் அது.

"ஒரு வாரம் என்னடி, ஒரு வாரம்?" என்றார் மாஸ்டர். "ரெண்டு வாரம் இருந்துட்டு வா. சித்தப்பா ஆசையா கேட்கிறாரில்ல?"

"நிஜமாவாப்பா?" என்று வாண்டு துள்ளி எழுந்து, அந்தப் பக்கம் ஓடி, சித்தப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாஸ்டரின் வலது கால், பிரேக் இல்லாத அந்தப் படகின் பலகையை, கரை வந்து சேரும்வரை அழுத்திக்கொண்டே இருந்தது.