மறக்காதே என்றது அலாரம்

அலாரம் அலறியது.

மாடியிலிருந்து காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்த ஷைனி, படியிலேயே நின்றுவிட்டாள். சத்தம் கூடத்திலா, அடுப்படியிலா? துணிகளைப் படியில் போட்டுவிட்டு ஓடினாள். போன் அரிசி டின் மேல் கிடந்தது. அங்கே ஏன் வைத்தோம் என்று யோசிக்க நேரமில்லை. திரையில் ஒரே ஒரு சொல்: ‘மறக்காதே!’

எதை?

நேற்று மாவு அரைத்துக்கொண்டே வைத்த அலாரம் என்பது மட்டும் நினைவிருந்தது. எதற்கு என்று எழுதவில்லை. அப்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பாள்.

இன்றைக்கு என்ன நாள் என்பதில் சந்தேகம் இல்லை. அக்டோபர், ஜெபமாலை மாதம். வரதராசன்பேட்டையில் மாதா சுரூபம், அந்தச் சின்னச் சிலை, ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் தங்கும். இன்று சாயங்காலம் சாந்தா அக்கா வீட்டிலிருந்து இவர்கள் வீட்டுக்கு வருகிறது. போன வருடமும் வந்தது. அன்று மாமனாரும் மாமியாரும் வெளியூர் போயிருக்க, ஷைனி வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டத்தில் ரவிக்கைத் துணி பார்த்துக்கொண்டிருந்தாள். மாதாவைச் சுமந்தவர்கள் தூறலில் தெருவில் நின்றார்கள். தெருவே இன்னும் அதை விடவில்லை.

மாமனார் இருதயநாதன் போன வாரமே சொல்லிவிட்டார். “இந்த வருசமும் இப்படி ஆச்சுன்னா, இனிமே நம்ம வூட்டுக்கு முறையே வேணாம்னு பங்குச் சாமியார்கிட்ட நானே போய்ச் சொல்லிடுவேன்.” ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் பள்ளிக்குக் கிளம்புவதைப் பார்த்துத் தெருக்காரர்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட காலம் உண்டு. அவரிடம் போய், திருச்சி டாக்டர் தனக்குக் கவனம் நிலைக்காத ஏ.டி.ஹெச்.டி. என்று சொன்னதை எப்படிச் சொல்வது? ‘சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல பேரா’ என்பார். டாக்டர் சொன்னது கணவன் பெனடிக்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சுண்டல்! அதற்குத்தான் அலாரம். அடுப்புப் பக்கம் திரும்பினாள். கொண்டைக்கடலை நல்லவேளை ஊறிக் கிடந்தது. குக்கரில் கொட்டினாள். உப்புப் போட்டோமா? தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள். போட்டிருக்கிறாள். அடுப்பைப் பற்றவைத்தாள். இது இல்லையோ?

“தண்ணி வழியுதும்மா!” என்றார் மாமனார் உள்ளறையிலிருந்து.

மோட்டார்! போட்டது யார்? தான்தான். ஓடிப்போய் நிறுத்தினாள். திரும்புகிற வழியில் படியில் துணி கிடந்தது. குனிந்து மடிக்க ஆரம்பித்தவள், மூன்றாவது துண்டில் நிமிர்ந்தாள். மாலை! பஸ் ஸ்டாண்டு பூக்கடையில் சொல்லி வைத்த மாலை!

பெரம்பலூரில் ஆபீஸில் இருந்த பெனடிக்டுக்குப் போன் போட்டாள்.

“ஏங்க, நேத்து எதுக்கு அலாரம் வச்சேன்னு ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னேனா?”

“வச்சவளுக்கே தெரியல, எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒக்காந்திருக்கிறவனக் கேக்குறியே!”

“சிரிக்காதீங்க. மாலைக்கா, சுண்டலுக்கான்னு தெரியல.”

“ரெண்டையும் செய். அத்தோட விடு.”

ஸ்கூட்டியை எடுத்தாள். பூக்கடைக்குப் போனபின்தான் பர்ஸ் வீட்டில் இருப்பது தெரிந்தது. பூக்காரம்மா சிரித்தாள். “எடுத்துட்டுப் போ, நாளைக்குக் குடு. போன வருசம் மாதிரி மாதாவ மழையில நிக்க வச்சிடாத, தாயி.” இவளுமா!

வீடு திரும்பினால் குக்கர் சீறிக்கொண்டிருந்தது.

“மாமா, எத்தன விசில் வந்துச்சுங்க?”

இருதயநாதன் கஞ்சி போட்ட வேட்டியில், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். “விசில் எண்றதுக்கா நான் ரிட்டயர் ஆனேன்?”

கடலை கொஞ்சம் குழைந்திருந்தது. பரவாயில்லை. தாளித்தாள், தேங்காய்ப்பூ தூவினாள். மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்தாள். மாலையை அதன்மேல் வைத்தாள். எல்லாம் இருக்கிறது. இருந்தும் ‘மறக்காதே’ உள்ளே முள் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது. மாமியார் இன்னாசிமேரி இருந்தாலாவது கேட்கலாம், அவளிடம் போனும் கிடையாது. வாங்கிக்கொள்ளும் வீட்டுப் பெண்தான் போய் மாதாவை அழைத்து வர வேண்டும் என்பது ஊர் வழக்கம். ஷைனியை நம்பாமல் அவளே மதியமே சாந்தா அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தெருமுனையில் பாட்டுச் சத்தம் கேட்டது.

கூட்டம் வாசலில் வந்து நின்றது. சாந்தா அக்கா கையில் மாதா. வீட்டுத் தலைவர் மெழுகுவத்தி ஏற்றிப் பிடித்து உள்ளே அழைக்க வேண்டும். இருதயநாதன் வாசற்படியில் கம்பீரமாக நின்று, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார்.

“மெழுகுவத்தி.”

ஷைனி மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். மாலை மட்டும்தான் இருந்தது.

“மெழுகுவத்தி எங்கம்மா?” இப்போது திரும்பினார். பாட்டு நின்றுபோனது. “இதக்கூடவா ஞாபகம் வச்சுக்க முடியாது?”

இதற்குத்தான் அடித்திருக்கிறது அலாரம். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறது, இவள் மோட்டாரை நிறுத்தப் போயிருக்கிறாள். மறுபடியும் மாதா தெருவில். ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

கூட்டத்துக்குள்ளிருந்து இன்னாசிமேரி முன்னால் வந்தாள். கைப்பையைத் திறந்தாள். இரண்டு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி. கணவர் கையில் திணித்தாள். பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. மாதா உள்ளே வந்தாள்.

ஜெபமாலை நடந்துகொண்டிருக்கையில் ஷைனி அடுப்படியில் சுண்டலைத் தொன்னைகளில் போட்டாள். கண்ணீர் கண்ணை மறைத்தது. இன்னாசிமேரி பின்னால் வந்து நின்று ஒரு கடலையை எடுத்து வாயில் போட்டாள்.

“அலாரம் அடிச்சுதுங்க, அத்த. எதுக்குன்னுதான் தெரியல. மெழுகுவத்திக்குன்னு எழுதாம விட்டுட்டேன். நான் இப்படித்தாங்க அத்த, எனக்கு மண்டையில...”

இன்னாசிமேரி கூடத்தை எட்டிப் பார்த்தாள். இருதயநாதன் கண்ணை மூடி, கணீர்க் குரலில் மன்றாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் மருமகளின் காதருகே குனிந்தாள்.

“அழுவாதடி, மெழுகுவத்தி வாங்கியாரேன்னு சொன்னவரு ஒம் மாமாதான், கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுசனுக்கு அலாரம் நான்தான், இன்னிக்கு வூட்டுல இருக்க மாட்டேனேன்னுதான் நேத்து ஒன்ன அலாரம் வைக்கச் சொன்னேன்.”