கட்டைவிரல் பள்ளம்

நாய் லோபோ தின்றது போக மீதியிருந்த கார்க் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வால்தெமார் சமையலறைக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தான். நடந்தால் கார்க் வளர்ந்துவிடுமா என்ன? ஆனாலும் அவனால் உட்கார முடியவில்லை. சால்த்தோ நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மிர்த்தா மதியம் பஸ்ஸில் வந்துவிடுவாள். வந்து பையை இறக்கி வைத்ததும் கூடத்துச் சுவரைத்தான் பார்ப்பாள். அங்கே அவளுடைய முதல் புருஷன் ஏபேரின் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே இரண்டு ஆணிகளில் அவனுடைய தூண்டில் கம்பு தொங்கும். வால்தெமார் இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருஷமாக அப்படித்தான்.

இப்போது ஆணிகள் மட்டும் இருந்தன. கம்பு சமையலறை மேஜைமேல் கிடந்தது. ரீலுக்கு முன்னால் கைப்பிடி இருந்த இடத்தில் பல் பதிந்த கார்க் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாயைத் திட்டிப் புண்ணியமில்லை. முந்தின நாள் சாயங்காலம் மாட்டிறைச்சியைக் கொக்கியில் குத்திக் குத்தி, அந்த ரத்தக் கையோடு கம்பைப் பிடித்து, அப்படியே கொல்லைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குளிக்கப் போனது லோபோவா? லோபோ நாய். இறைச்சி வாசம் வந்தால் கடிக்கும். இவனுக்கு எங்கே போனது புத்தி?

குளிர்காலத்திலிருந்தே இந்தத் திருட்டு நடக்கிறது. மிர்த்தா வெளியூர் போகும் நாளாகப் பார்த்துக் கம்பைக் கழற்றிக்கொண்டு, ஆற்றுத் துறைமுகத்துக்கு அப்பால் தெரிந்த முகம் இல்லாத இடமாகப் போய் நிற்பான். அவன் தாக்குவாரெம்போப் பக்கத்து மேட்டு நிலத்தில் பிறந்தவன், ஆற்றுப் பழக்கம் இல்லாதவன். ஆரஞ்சுத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவன். மீன் பிடிப்பதில் அவனுக்குப் பெரிய ஆசையெல்லாம் இல்லை. ஏபேரிடம் என்னதான் இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

செத்தவனோடு போட்டி போடுவதைப் போல வெட்டி வேலை உலகத்தில் இல்லை. அவனுக்கு வயசாகாது, குறட்டை விடமாட்டான், காசைக் குடித்துத் தீர்க்கமாட்டான். சுவரில் சிரித்துக்கொண்டே இருப்பான். வால்தெமாருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்வது, பொறாமை போகவில்லையே.

கம்பு ஒன்றும் அதிசயம் இல்லை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய சரக்கு. தெருவில் பாதி வீட்டில் அதே கம்புதான். கைப்பிடி மட்டும்தான் வேறு. கை அழுக்கில் கறுத்துப்போன கார்க்கின் மேல்பக்கம், கட்டைவிரல் உட்காரும் இடத்தில், வழவழவென்று ஒரு பள்ளம். முதல் தடவை தன் விரலை அதில் வைத்துப் பார்த்தபோது வால்தெமாருக்கு அது பொருந்தவில்லை. 'இவ்வளவு சின்னக் கையா இந்த ஆளுக்கு!' என்று அந்த வாரம் முழுக்க அவனுக்கு உள்ளூர சந்தோஷம். அப்புறம் அதுவும் உறுத்தியது. அத்தனை சின்னக் கைதான் தனக்கு முன்னால் இந்த வீட்டில் எல்லாவற்றையும் தொட்டிருந்தது.

காலையில் கடை திறக்கும்போதே தூண்டில் கடைக்காரன் வில்சனின் வாசலில் போய் நின்றான்.

"கைப்பிடிக்குப் போடுற கார்க் வளையம் இருக்கா?"

"யாருக்கு? உனக்கா?" வில்சன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "நீ மீனைத் தட்டுல மட்டும்தானே பாப்பே!"

"நண்பனுக்குப்பா."

"நண்பனுக்கு! சரி சரி. மிர்த்தா எப்படி இருக்கா? போகா மீன் ஆத்துல ஏறிடுச்சுன்னு நான் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லு."

போகா மீனை மிர்த்தா எலுமிச்சை பிழிந்து நன்றாகவே வறுப்பாள். இவன் எதற்கு அவள் சமையலைப் பற்றிப் பேசுகிறான் என்று வால்தெமாருக்கு எரிச்சலாக வந்தது. பொட்டலத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினான்.

வேலை அவன் நினைத்த மாதிரி இல்லை. கம்பு இரண்டு துண்டாகக் கழலும். கீழ்த்துண்டில் தூண்டில் நரம்பு ஓடுகிற வளையம் ஒன்று நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. அதை அவிழ்க்காமல் புது கார்க்கை மேலிருந்து இறக்க வழியில்லை. பிளேடால் நூலை அறுத்தான். பழைய கார்க்கைச் சுரண்டினான். வட்ட அரத்தால் ஒவ்வொரு கார்க்கின் ஓட்டையையும் பெரிதாக்கினான். அவசரத்தில் ஒன்று உடைந்தது, இன்னொன்று தொளதொளவென்று ஆடியது. வீட்டிலிருந்த இரண்டு ட்யூப் பசையையும் தட்டில் பிழிந்து கலக்கிப் பூசி, கார்க்கை ஒவ்வொன்றாக இறக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டான். பசை காயும்வரை கையை எடுக்கக் கூடாது. கை அங்கே, மனசு பஸ் நிலையத்தில். மூக்கு அரித்தது. தெருவில் ஏதோ வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதற்கே கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தான்.

பசை இறுகியது. மிர்த்தாவின் தையல் பெட்டியிலிருந்து கறுப்பு நூலை எடுத்து வளையத்தைத் திரும்பக் கட்டினான். உப்புத்தாளால் கார்க்கைத் தேய்த்து உருட்டினான். பார்த்தால், புது கார்க் கல்யாணப் பெண் மாதிரி வெளேரென்று இருக்கிறது! செத்தவன் கைப்பிடி இப்படியா இருக்கும்? காலையில் குடித்த மாத்தேயின் இலைச் சக்கையை அள்ளிப் பூசினான். பச்சையாகிவிட்டது. அடுப்புக் கரியைத் தேய்த்தான். இறைச்சி வைத்திருந்த தட்டைக் கவிழ்த்து அந்தத் தண்ணீரையும் தடவினான். கடைசியில் ஒரு மாதிரி அழுக்கு நிறம் வந்தது. லோபோ வாசலில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப்போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பக்கத்துல வந்தே, தோலை உரிச்சுடுவேன்."

கடைசியாகப் பள்ளம். கட்டைவிரலில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு கார்க்கில் தேய்க்க ஆரம்பித்தான். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஏபேரின் விரலைத் தன் விரலால் செய்வது கேவலமாக இருந்தது. சின்னதாகச் செய்யவேண்டும் என்றுதான் தொடங்கினான். தேய்க்கத் தேய்க்க அது அவன் விரல் அளவுக்கே வந்து நின்றது. அவனும் நிறுத்தவில்லை.

ஆணியில் மாட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது.

மிர்த்தா பையை வைத்தாள். சுவரைப் பார்த்தாள். அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நின்றான். அவள் போய்க் கம்பைக் கழற்றினாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டு அவன் பார்த்ததில்லை. கம்பைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியிலிருந்து நுனிவரை ஓட்டிப் பார்த்தாள்.

"நரம்பு வளையம் கோணலா இருக்கு. யார் கட்டினது இதை?"

இவள் எங்கே கற்றாள் இப்படிப் பார்க்க?

அவள் கைப்பிடியைப் பிடித்தாள். கட்டைவிரலை மேலே வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"இது யாரோட விரல்?"

"நாய்தான் மிர்த்தா... நாய் கடிச்சிடுச்சு. நான்தான் கம்பை எடுத்துட்டுப் போனேன். ஆத்துக்கு. ரகசியமா." ஒரு வார்த்தை வெளியே வந்ததும் எல்லாம் கொட்டிவிட்டது. "அவனை மாதிரி ஆக முடியுமான்னு பாத்தேன். முடியல. அவன் கையி எனக்குப் பொருந்தவே இல்ல. நீ என்னை வெளியில போன்னு சொன்னாலும் சரி, போயிடறேன். அவனோட பொருளை நாசம் பண்ணிட்டேன்."

"யாரோட பொருளை?"

"ஏபேரோட..."

மிர்த்தா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏபேருக்கு மீன் வாடையே ஆகாது. கரையில நாற்காலியைப் போட்டுக்கிட்டு ரேடியோல ஃபுட்பால் கேப்பான். இது என் கம்பு. எங்கப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது. அந்தப் பள்ளம் என் விரல் தேய்ச்சது, கெழவா! சின்னப் பொண்ணா இருந்தப்போலேர்ந்து தேய்ச்சது."

வால்தெமார் சுவரிலிருந்த ஆணிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்புறம் ஏன் சுவத்துல..."

"நான் மாட்டினேனா? கதவுக்குப் பின்னால கிடந்தது. நீ வந்த முதல் நாளே எடுத்து, துணியால துடைச்சு, அவன் படத்துக்குக் கீழ ஆணி அடிச்சு மாட்டி, சிலுவை போட்டுக் கும்பிட்டே. எவ்வளவு நல்ல மனுஷன்னு நெனச்சேன். அந்த மனுஷன்கிட்டப் போயி, 'அதைக் கழட்டிக் குடு, சனிக்கிழமை எனக்கு வேணும்'னு எப்படிச் சொல்றது?"

அதுவரை கோபமாகத்தான் பேசினாள். புது கார்க்கை இன்னொரு தரம் தடவியதும் முகம் கோணிக்கொண்டது. ஏபேரின் நினைவு நாளில்கூட அவன் முன்னால் அழாதவள், நின்ற இடத்தில் அந்தக் கைப்பிடிக்காக அழுதாள். வால்தெமார் ஓர் அடி முன்னால் வந்தான்.

"கிட்ட வராதே." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூண்டிலுக்கு இறைச்சி மிச்சம் இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தான். வில்சன் சொன்னது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது.

"போகா ஏறிடுச்சாம். வில்சன் சொல்லச் சொன்னான்."

"அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். நீ வராதே."

கதவைச் சாத்திக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். வால்தெமார் படத்துக்கு எதிரே உட்கார்ந்தான், எழுந்தான். ஏபேர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். இனி அவன்மேல் கோபப்படவும் ஒன்றுமில்லை. ஆறு வருஷமாகத் தன் பெண்டாட்டியின் கட்டைவிரலைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அது போதாதென்று அவளுடைய ஆற்றையும் பிடுங்கி ஆணியில் மாட்டியிருக்கிறான். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வெளியே ஓடினான்.

அவள் பழைய மரப் படித்துறையின் கடைசிப் பலகையில் நின்றாள். அவன் பின்னால் தள்ளியே நின்றான். மிர்த்தா கம்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினாள். நரம்பு சத்தமில்லாமல் ஓடி, அவன் ஒருநாளும் எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. துணி துவைக்கையில், மாவு பிசைகையில், தூங்குகையில் அவளைப் பார்த்திருக்கிறான். இந்தப் பொம்பளையைப் பார்த்ததில்லை. நிற்கமுடியாமல் பலகைமேல் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தான்.

"நடக்காதே," என்றாள் திரும்பாமலே. "நீ நடக்குறது பலகை வழியா தண்ணிக்குள்ள போகுது. உக்காரு."

உட்கார்ந்தான்.

ரொம்ப நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. எதிர்க்கரை மரங்கள்மேல் வெயில் இறங்கியது.

"ஆறு வருஷம், வால்தெமார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் நீ."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஆமா," என்றாள் மிர்த்தா.

புது கார்க்கின் மேல் அவள் கட்டைவிரல் தன் இடத்தைத் தேடி நகர்ந்துகொண்டே இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.