ஆறு பேர் வேலை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க ஆறு பெண்கள் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போனதும், மீதி நான்கு பேரை வைத்தே ஓட்டிவிடலாம் என்று மேனேஜர் கண்டுபிடித்தார். மேலிடம் அவரை முதுகில் தட்டிக்கொடுத்தது. ஒரு ஜோடி நிமிஷத்துக்கு இரண்டு விரிப்பு மடித்த இடத்தில் இனி மூன்று. ஒருத்தி பின்தங்கினாலும் நான்கு பேருக்கும் ஞாயிறு லீவு கிடையாது.

இதைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு மேஸ்திரியம்மா தலையில் விழுந்தது. பதினேழு வருஷம் யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷி, மூன்றே மாதத்தில் ஆள் மாறிப்போனாள். நால்வரில் மெதுவானவளுக்கு மற்றவர்கள் ‘ஆமை’ என்று பேர் வைத்தபோது தடுக்கவில்லை. அவளும் அப்படியே கூப்பிட்டாள். ஆமை கழிப்பறைக்குப் போனால் வாசலில் நின்று கடிகாரம் பார்த்தாள். வீட்டிலும் அதே தோரணை. புருஷன் சோற்றைப் பிசைந்தபடி, சாப்பிட எத்தனை நிமிஷம் என்று பணிவாகக் கேட்டான்.

ஒருநாள் ஆமை, உலர்த்தும் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுவிட்டு, ஒரு புகார் எழுதிப் போட்டாள்.

நிர்வாகம் பதறிப்போனது. நம் குடும்பத்தில் இப்படியொரு கொடுமையா என்று மேனேஜர் சுற்றறிக்கை விட்டார். அன்பாகப் பழகுவது எப்படி என்று சொல்லித்தர வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். வேலை கெடக்கூடாதே, அதனால் வகுப்பைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்தார்கள். குற்றவாளி என்பதால் மேஸ்திரியம்மாவுக்கு முதல் வரிசை. கோபம் வந்தால் பத்து முறை ஆழமாக மூச்சு விடுங்கள் என்றார் பேச்சாளர்.

மேஸ்திரியம்மா எழுந்தாள்.

“நான் செஞ்சது தப்புதான் சார். ஆனா அந்தப் பத்து மூச்சுக்குள்ள மூணு விரிப்பு போயிடும். நீங்களும் மேனேஜரும் ஒரு பத்து நிமிஷம் மடிச்சுக் காட்டுங்களேன்.”

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். முதல் நாலு விரிப்பு வரை ஒரே புன்னகை. ஏழாவதில் மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. ஒன்பதாவதில் மரியாதை பறந்தது.

“இழுத்துப் பிடிய்யா, மரமாட்டம் நிக்கிறே!”

அன்பைச் சொல்லித்தர வந்தவர் தன் முனையைத் தரையில் எறிந்தார். தன்னை யாரும் இப்படிப் பேசியதில்லை என்றார். மேனேஜரின் படிப்பு, வளர்ப்பு எல்லாவற்றையும் இழுத்தார். முதலில் சிரித்தவள் ஆமைதான்.

பயிற்சி மிகுந்த பலன் தந்ததாக மேனேஜர் அறிக்கை அனுப்பினார். ஆனாலும் அடுத்த வாரம் மடிக்கப் புதிதாக ஒருத்தி வந்தாள். ஐந்து பேரில் ஜோடி சேராமல் நின்ற ஆமையோடு மேஸ்திரியம்மாவே மடிக்க இறங்கினாள். மெதுவானவள் என்று மற்றவர்கள் அவளை ஜோடிக்குச் சேர்க்கவில்லை.

“உன்னை ரொம்பப் படுத்திட்டேன். மேனேஜரைச் சாக்கு சொல்லித் தப்பிக்க மாட்டேன்,” என்றாள் மேஸ்திரியம்மா.

“மனசு ஆற நாளாகும்க்கா.”

மேஸ்திரியம்மா தலையசைத்தாள். மடித்த விரிப்பை அடுக்கில் வைத்துவிட்டு, அவளுடைய உண்மையான பேரைச் சொல்லி, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னாள்.